ஜி.ரி. ஆர்?

கார் விற்கும் காணிக்குள் கால் வைத்ததும் மருமகன் மூக்கைப் பொத்திக்கொண்டான். புறக்கோட்டையில் இருந்த மீன் மொத்தச் சந்தையைப் பேலியகொடைக்குக் கொண்டுவந்த பிறகு இந்தப் பக்கத்துக் காற்றுக்கே செதில் முளைத்துவிட்டது. எனக்கு அதில் வேறொரு கவலை. பழைய கார் பார்க்கப் போகிறவனுக்குக் கண்ணைவிட மூக்கு முக்கியம். 2016 மே மாதத்தில் களனி கங்கை கரைமேவியபோது கொலன்னாவைப் பக்கம் கழுத்தளவு தண்ணீரில் நின்ற கார்களைக் கழுவித் துடைத்து, இருக்கைக்குப் புது உறை போட்டு, எங்கேயோ ஒரு காணியில் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள். கதவைத் திறந்ததும் வரும் பூஞ்சண வாடையில்தான் அதைப் பிடிக்கவேண்டும். பேலியகொடையில் எந்தக் காரின் கதவைத் திறந்தாலும் பாரை மீன்தான் மணக்கிறது.

"பெல்ற்றை அடிவரைக்கும் இழுத்துப் பார். கடைசி முழத்திலை மண் கறை இருந்தால் அது தண்ணி குடிச்ச கார்" என்றேன். "டிக்கிக்குள்ளை ஸ்பெயார் ரயரைத் தூக்கிப்போட்டுக் குழியைப் பார்."

"அதெல்லாம் தேவையில்லை மாமா." அவன் கைபேசியைத் தூக்கிக் காட்டினான். "சேசி நம்பரைக் குடுத்தால் ஜப்பான் ஏலத்திலை போட்ட ஷீற் அப்பிடியே வரும். கிரேட் நாலோ நாலரையோ எண்டால் எடுப்பம். ஆர் எண்டால் விடுவம்."

"ஆர் எண்டால்?"

"அடிபட்டு ஒட்டின கார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வேண்டாமென்று ஒதுக்கும் அதே எழுத்தை நான் ஒரு காலத்தில் பஞ்சிகாவத்தையில் காசு கொடுத்து வாங்கி, காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு திரிந்தவன்.

அது 1998. எனக்கு 26 வயது. கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை. வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் அம்மாவோடு வாடகை வீடு. கலியாணப் பேச்சுகள் தொடங்கியிருந்தன. கார் எதற்கு என்று வீட்டில் கேட்டபோது, "அம்மாவை டொக்டரிட்டைக் கொண்டுபோக" என்று சொல்லிவைத்திருந்தேன். மனதுக்குள் இருந்தது செலிக்கா.

டொயோட்டாக்காரன் அந்தப் பெயரை லத்தீனிலிருந்து எடுத்தானாம். வானுலகத்துக்கு உரியது என்று பொருள். காலி வீதியில் பாணந்துறைக்குப் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸின் புகைக்குழாய்க்குப் பின்னால் நிற்கும்போது அந்தப் பொருள் கொஞ்சம் இடிக்கும். ஜி.ரி. என்ற எழுத்துகளுக்கும் அப்படியொரு வம்சக் கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்களின் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புவார்கள். அந்தப் பெரும் பயணத்தின் பெயரை 1951இல் லான்சியா கம்பனி தன் ஓரேலியா பி20 காருக்கு இத்தாலியனில் வைத்தது: கிறான் ரூரிஸ்மோ. இரண்டு பேர், இரண்டு பெட்டியோடு, ஒரு நாட்டில் காலைச் சாப்பாடு சாப்பிட்டு இன்னொரு நாட்டில் இராச் சாப்பாட்டுக்குப் போய் இறங்குவதற்கான கார். 1998இல் வெள்ளவத்தையில் இருந்த ஒரு தமிழ்ப் பெடியனுக்குப் பம்பலப்பிட்டியைத் தாண்டுவதே எல்லை கடக்கிற வேலை. அவனுக்கும் ஜி.ரி. வேண்டியிருந்தது.

1989இல் வந்த ஐந்தாம் தலைமுறைச் செலிக்கா அது. முன்விளக்குகள் பகலில் மூடிக்கிடந்து, சுவிட்சைத் திருகினால் தவளைக் கண் மாதிரி எழும்பும். ஜப்பானில் அதை எஸ்-ஆர், இசட்-ஆர், ஜி.ரி-ஆர் என்று பிரித்து விற்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஜி.ரி-ஃபோர். நாலு சில்லும் இழுக்கும், டர்போ பூட்டியது. கார்லோஸ் சாயின்ஸ் 1992இல் உலக ரலிப் பட்டம் வென்றது அதன் போட்டி வடிவத்தில்தான். அதை யாரும் எனக்குக் காட்டவும் இல்லை, காட்டியிருந்தால் வாங்கக் காசும் இல்லை. ஆகவே என் முன்னால் இருந்த வழக்கு எஸ்-ஆருக்கும் ஜி.ரி-ஆருக்கும் இடையில். இரண்டும் இரண்டு லீற்றர், சரியாகச் சொன்னால் 1998 சி.சி. ஆண்டும் 1998. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டும் பேலியகொடையில் ஒரு நானாவின் காணியில் நின்றன. அப்போது நீர்கொழும்பு வீதிக்கு இந்தப் புறத்தில் மேம்பாலமும் இல்லை, அதிவேகப் பாதையும் இல்லை. 1959இல் கட்டிய களனிப் பாலத்தைக் கடந்தால் லொறித் தூசி, சதுப்பு, இடையிடையே கார்க் காணிகள். வெள்ளை எஸ்-ஆர் ஓட்டோ கியர், சிவப்பு ஜி.ரி-ஆர் கைக் கியர். சிவப்பைப் பார்த்ததும் எனக்கு வாய் உலர்ந்துபோனது. நானா அதைக் கவனித்து விலையில் இருபத்தையாயிரம் ஏற்றியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு சிங்கள பாஸைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் கைலேஞ்சிக்குள் காந்தக் கட்டி ஒன்றைச் சுற்றி வைத்துக்கொண்டு கதவு, மட்கார்ட் எல்லாம் தடவிப் பார்த்தார். பட்டி அப்பிய இடத்தில் காந்தம் ஒட்டாது. அதுதான் அந்தக் காலத்து ஏல ஷீற். பிறகு இரண்டு பொனற்றையும் திறந்து வைத்துவிட்டு, பாதிச் சிங்களம் பாதித் தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

"மாத்தையா, இந்த வெள்ளைக்குக் கெமரி எஞ்சின். கெட்டா பஞ்சிகாவத்தையில எந்தக் கடையிலயும் சாமான் இருக்கு. அந்தச் சிவப்புக்கு யமஹாக்காரன் செஞ்ச தலை. கெட்டா ஜப்பானுக்குக் கடதாசி எழுதணும்."

கெமரி எஞ்சின் என்ற சொல் என் நெஞ்சில் குத்தியது. ஒரு ஓய்வுபெற்ற அதிபரின் காருக்குள் இருக்கும் எஞ்சின், விளையாட்டு வீரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது என்றல்லவா அர்த்தம்.

நானா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்தார். எந்த எஞ்சினைப் பற்றியும் பேசவில்லை. "தம்பி, ஒண்டு செல்லுங்க. பின்னுக்கு யாரு ஏறப்போறது?"

"ஒருத்தரும் இல்லை நானா."

"உம்மா ஈக்கிறாங்களா?"

"இருக்கிறா."

"அப்ப இந்த ரெண்டும் வேணாம். அங்கால ஒரு கரீனா நிக்கிது, நாலு கதவு." ஒரு வியாபாரி தன் விலைகூடிய சரக்கை விட்டுவிட்டு விலை குறைந்ததைக் காட்டுகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கவேண்டும் என்று யோசிக்கும் வயதல்ல எனக்கு.

எழுத்துப் பார்த்துக் கார் எடுப்பது எங்கள் குடும்பத்தில் பரம்பரை நோய். பெரியப்பா கொட்டாஞ்சேனையில் இருந்தார். அவரிடம் ஓர் ஒஸ்ரின் ஏ40. 1957 ஜனவரியிலிருந்து புதிதாகப் பதியும் வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் போட்ட இலக்கத் தகடு என்று சட்டம் வந்தது. வடக்கில் அந்த எழுத்தை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். தெற்கில் தமிழ்க் கடைப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1958 கலவரத்துக்கு இட்டுச்சென்ற காரணங்களில் அந்த ஓர் எழுத்தும் ஒன்று. பெரியப்பா வாழ்நாள் முழுவதும் தார் வாளியைக் கையால் தொட்டவரில்லை. அவருடைய போராட்டம் வேறுவிதம். ஸ்ரீ இல்லாத கார் மட்டும்தான் வாங்குவார். அதாவது 1956க்குள் பதிந்த, ஆங்கில எழுத்துத் தகடு உள்ள பழசு. ஈ.வை. என்று தொடங்கும் அந்த ஒஸ்ரினைவிட ஐந்து வயது குறைந்த, ஒலி குறைந்த, ஒழுக்குக் குறைந்த கார்கள் அதே விலைக்கு வந்தபோதும் தகட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். 1970க்குப் பிறகு ஏழு ஆண்டுகள் நாட்டுக்குள் புதுக் கார் வருவதே அரிதாகிவிட்டபோது அவருக்குப் பெரிய சந்தோசம். "இப்ப எல்லாருக்கும் பழசுதான்" என்பார்.

1983 ஜூலையில் அந்தக் காரை வாசலில் வைத்தே எரித்தார்கள். அதன் தாங்கியிலிருந்து எடுத்த பெற்றோலாலேயே. வந்தவர்கள் இலக்கத் தகட்டைப் பார்க்கவில்லை.

ஆக, அந்த வீட்டுப் பிள்ளையான நான் எஸ்-ஆரை எடுத்தேன். பாஸின் சொல்லைக் கேட்டு அல்ல. சிவப்புக்குக் காசு போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் அடுத்த சனிக்கிழமையே பஞ்சிகாவத்தைக்குப் போனேன். மருதானைக்குப் பக்கத்தில், கழற்றிய கார்களின் சாமான் கடைகள் நிறைந்த வீதி. ஒரு முழுக் காரையே துண்டு துண்டாக வாங்கிக்கொண்டு வரலாம் என்பார்கள். நேற்றுக் களவுபோன உங்கள் கண்ணாடியை இன்றைக்கு அங்கே நீங்களே வாங்கலாம் என்றும் சொல்வார்கள். ஒரு கடையில் பழைய பிஸ்கட் தட்டு நிறைய எழுத்துகள் கிடந்தன. எந்தெந்த விபத்தில் செத்த கார்களின் பெயர்களோ. எஸ் ஒன்றைக் கொடுத்து ஜி, ரி வாங்கினேன். ஆர் என்னிடமே இருந்தது. ஆனால் கடைக்காரர் மூன்றையும் சேர்த்துத்தான் தருவேன் என்று நின்றதால் புதிதாக ஓர் ஆருக்கும் காசு கொடுத்தேன். இதற்கு வெட்கப்பட்டேன் என்று சொல்லமாட்டேன். டொயோட்டாவின் ரலி அணியே 1995இல் டர்போவின் காற்றுத் தடுப்பு வளையத்தில் கள்ள வேலை செய்து பிடிபட்டு, புள்ளிகளைப் பறிகொடுத்து, ஓராண்டு தடையும் வாங்கியது. நான் செய்தது கொஞ்சம் பசை வேலை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து காரைச் சுற்றிப் பார்த்தா. பின்னால் நின்று ஒவ்வோர் எழுத்தாக வாசித்தா.

"ஜி.ரி. ஆர்?"

"அது கார்ட பேர் அம்மா."

"நான் முந்தி வைச்சிருந்த ஆளின்ர இனிஷல் எண்டு நினைச்சன்." பிறகு கதவைத் திறந்து பார்த்தா. "பின்னுக்குக் கதவு எங்கை?"

பின்னுக்குக் கதவு இல்லை. முன் இருக்கையை மடக்கி, குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, மற்றக் காலை இழுத்து, கடைசியில் விழவேண்டும். 61 வயதில், சேலையோடு. சின்னம்மாவும் வரும் நாட்களில் முன் இருக்கை அவவுக்கு, ஏனென்றால் அவவுக்கு முழங்கால் வருத்தம். எனவே பின்னால் விழுந்தது எப்போதும் அம்மாதான்.

வீட்டு வாசலில் ஒருதரம் ஏறி, டொக்டர் வாசலில் ஒருதரம் இறங்குவதென்றால் சமாளிக்கலாம். 1996 ஜனவரியில் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு கொழும்பு அப்படியான ஊராக இருக்கவில்லை. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போவதற்குள் நாலு இடத்தில் தடை. எல்லாரும் இறங்கவேண்டும், அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு. நாலு கதவுக் காரில் இது ஒரு நிமிட வேலை. என் ஜி.ரி-ஆரில் நான் இறங்கி, சின்னம்மாவை இறக்கி, இருக்கையை மடக்கி, அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கும்வரை பின்னால் நிற்கும் வாகனங்கள் ஹோர்ன் அடிக்கும். ஒருநாள் ஒரு சிப்பாய் துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டுத் தானே அம்மாவைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். "அம்மே, வேற கார் எடுங்க" என்று தெரிந்த தமிழில் சொன்னான். எனக்குக் கிடைத்த மிகச் சரியான வாகன ஆலோசனைகளில் அது இரண்டாவது.

முன்விளக்குக் கதை வேறு. இரவில் தடைக்கு முன்னால் வெளி விளக்கை அணைத்து உள் விளக்கைப் போடவேண்டும் என்பது விதி. அணைத்தால் தவளைக் கண்கள் இரண்டும் மூடவேண்டும். வெள்ளவத்தைக் கடற்காற்று எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பியிலிருந்து கலியாணத் தட்டு வரை உப்புப் பிடிக்கும். அதற்கு மேல் ஒரு டிங்கர் பாஸ் இடது விளக்கின் மூடியைக் கழற்றிப் பூட்டியதில் ஏதோ கோணிப்போனது. விளைவு, அணைக்கும்போது வலது கண் மூடும், இடது கண் திறந்தபடி நிற்கும். பத்து விநாடி கழித்து, ஆறுதலாக, அதுவும் மூடும். இருட்டில், மண்மூட்டைக்குப் பின்னால் துவக்கோடு நிற்கும் ஓர் ஆளைப் பார்த்து ஒரு தமிழனின் கார் கண்ணடிக்கிறது. முதல்நாள் என் சட்டை தெப்பமாக நனைந்துவிட்டது. நாலாம் நாள் கிருலப்பனைத் தடையில் இருந்தவர்கள் மற்றவர்களையும் கூப்பிட்டு, மறுபடி ஒருக்கால் போட்டு அணைக்கச் சொன்னார்கள்.

ஜி.ரி. என்ற பெயருக்கு நியாயம் செய்யும் பயணம் ஒன்றே ஒன்று வாய்த்தது. 2002இல் யுத்தநிறுத்தம் வந்து, ஏப்ரலில் ஏ9 வீதி மக்களுக்குத் திறந்தது. பன்னிரண்டு வருடமாக ஊரைப் பார்க்காத அம்மா, "இப்ப போகாட்டில் பிறகு எப்பவோ" என்றா. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர் அளவு. இத்தாலிக்காரன் மனதில் கண்ட தூரம்தான். ஒரே நாட்டுக்குள் புறப்பட்டு, இடையில் வேறொரு நிர்வாகத்தின் எல்லைக்குள் புகுந்து, மறுபடி முதல் நாட்டுக்குள் வெளிவரும் பயணம் என்பதால் ஐரோப்பாவையும் மிஞ்சியது.

வவுனியா தாண்டியதும் வீதி என்று ஒன்று இருக்கவில்லை. குழிகளுக்கு இடையில் ஆங்காங்கே தார் ஒட்டியிருந்தது. இரண்டு புறமும் மண்டையோடு வரைந்த மிதிவெடிப் பலகைகள், ஆகவே குழியைத் தவிர்த்து ஓரத்தில் இறக்கவும் ஏலாது. செலிக்காவின் வயிறு நிலத்தில் உரசுகிற ஒவ்வொரு முறையும் அம்மா பின்னாலிருந்து "பிள்ளையாரே" என்றா. பழைய லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களை முந்திப் போயின. நாங்கள் முந்தியது இரண்டு சைக்கிள்களையும் ஒரு மாட்டு வண்டிலையும். நல்ல வீதி கிடைத்த இடத்திலும் மிதிக்க முடியவில்லை; வன்னிக்குள் வேகத்துக்குத் தண்டம் உண்டு, புலிகளின் காவல்துறை அதில் முகம் பார்ப்பதில்லை என்று வவுனியாவிலேயே எச்சரித்திருந்தார்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்கு மட்டும் எல்லாரும் நின்றார்கள். ஜி.ரி., தட்டிவான், டிப்பர் என்ற பேதமில்லை. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, ஏறினோம். அம்மா விழுந்தா.

இதற்கெல்லாம் முந்தி, ஓமந்தையில் இராணுவத்தின் சோதனை முடிந்து சூனியப் பிரதேசத்தைக் கடந்தால் மறுபக்கத்துச் சோதனை. அங்கே மேசையில் இருந்த பெடியனுக்கு இருபது வயது இருக்கும். படிவத்தில் இலக்கம், நிறம் எல்லாம் எழுதிவிட்டு, 'வகை' என்ற இடத்தில் பேனையை நிறுத்தி எழும்பிப் பின்னால் போனான்.

"ஜி.ரி.ஆர் எண்டு போட்டிருக்கு. எழுதவோ அண்ணை?"

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். எந்தப் பொய்க்கு என்ன தண்டனை என்று தெரியாத எல்லை. "எழுதுங்கோ தம்பி" என்றேன். அவன் உருண்டைக் கையெழுத்தில் எழுதி, முத்திரை குத்தி, துண்டைத் தந்தான். என் எஸ்-ஆரை ஜி.ரி-ஆர் என்று உலகத்தில் அங்கீகரித்த ஒரே அரசு, உலகத்தில் ஒருவரும் அங்கீகரிக்காத அரசு. அந்தத் துண்டைப் பல வருடம் டாஷ்போட்டுக்குள் வைத்திருந்தேன். 2006இல் வீதி மறுபடி மூடிய பிறகு, கொழும்புத் தடை ஒன்றில் யாராவது அதைக் கண்டால் என்ன ஆகும் என்று மனைவி கேட்டா. அன்றிரவே அடுப்பில் போட்டேன்.

2007இல் காரையும் கொடுத்தேன். மகள் பிறந்திருந்தாள். குழந்தை இருக்கையைப் பின்னால் பூட்டப்போய் என் இடுப்புப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்தேன். எழுத்துகளைக் கழற்றாமலேயே விற்றேன். வாங்கியவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இனி மருமகனோடு போன காணிக்கு வருவோம். அவன் பார்க்க வந்தது ஹொண்டா சி.ஆர்-இசட். 2010இல் வந்த இரண்டு கதவுக் கார். 1.5 லீற்றர் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது. கலப்பின வாகனங்களுக்கு வரி குறைவாக இருந்த நாளில் கொழும்புக்குள் நிறைய வந்தது. அதிலும் வகை உண்டு. முந்தியது இசட்.எஃப்1, 2012க்குப் பிந்தியது இசட்.எஃப்2. முந்தியதில் நிக்கல் பற்றரி, பிந்தியதில் லித்தியம். ஒவ்வொன்றிலும் ஆல்பா, பீற்றா என்று இரண்டு தரம். 6 கியர் கைப்பெட்டி வேண்டுமா, தானியங்கியா. அவனிடம் இதெல்லாம் ஓர் அட்டவணையாக இருந்தது, நிறம் நிறமாக. டாஷ்போட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பொருளைச் செருகினான். பற்றரியின் பலவீனம் கைபேசியில் வரைபடமாக ஓடியது. பாஸின் காந்தக் கட்டியை நினைத்துக்கொண்டேன். அதற்குச் சார்ஜ் ஏற்றத் தேவையிருக்கவில்லை.

ஆனால் அவனுடைய காலத்தைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு மனமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் நாட்டுக்குள் நின்ற ஒவ்வொரு பழைய காரும் தங்க நகை மாதிரி விலை ஏறியது. ஓடி முடித்த காரை வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்கள் இருக்கிறார்கள். பெரியப்பா இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார், எல்லாருக்கும் பழசுதான். 2022இல் அதுவும் போய், கார் இருக்கிறது, பெற்றோல் இல்லை என்ற நிலை. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய், 95 ஒக்டேன் 550. அந்த விலைக்கும் கிடைக்காமல், இரவிரவாக வரிசையில் காருக்குள் படுத்தோம். பிறகு கியூ.ஆர். குறியீடு வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். என் பழைய செலிக்கா நகரத்துக்குள் லீற்றருக்கு 8 கிலோமீற்றருக்கு மேல் ஓடியதாக ஞாபகமில்லை. யமஹாத் தலை போட்ட சிவப்புக்காரி என்னிடம் இருந்திருந்தால் வாசலில் வைத்துப் பூப்போட்டுக் கும்பிட்டிருக்கவேண்டும். அந்த நாட்களில் வரிசையில் எனக்கு முன்னால் மருமகன் தன் ஸ்கூட்டரோடு நின்றான். அவனுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். சி.ஆர்-இசட் ஆசை அங்கே பிடித்ததுதான்.

"மாமா, இங்கை வாங்கோ!"

காணியின் மூலையில், ஒரு வேனுக்குப் பின்னால், அது நின்றது. அதே ஐந்தாம் தலைமுறை. நீல நிறம். பின்னால் ஜி, ரி, ஆர். எனக்கு நெஞ்சு ஒருதரம் நின்று ஓடியது.

விற்கும் பெடியன் ஓடி வந்தான். "அங்கிள், இது ஒரிஜினல் ஜி.ரி-ஆர். கொழும்புல ரெண்டு மூணுதான் மிச்சம். கலெக்டர்ஸ் ஐட்டம்." அவன் சொன்ன விலையை நான் இங்கே எழுதினால் என் மனைவி இதை வாசிக்கும்போது பழைய பேச்சு ஒன்று திரும்பத் தொடங்கும்.

மருமகன் பொனற்றைத் திறந்து சுவரில் அடித்திருந்த தகட்டைப் படம் எடுத்தான். கைபேசி ஒரு கணத்தில் சொல்லிவிட்டது. "3எஸ்-எஃப்ஈ. இது எஸ்-ஆர் மாமா. ஆரோ எழுத்தை மாத்தி ஒட்டியிருக்கிறாங்கள். சரியான கள்ளன்."

நான் இடது முன்விளக்கைப் போட்டு அணைக்கச் சொன்னேன். இரண்டும் ஒன்றாக மூடின. கதவு விளிம்பில் நகத்தால் சுரண்டினேன். நீலத்துக்குக் கீழே கறுப்பு, வெள்ளை அல்ல. பின் இருக்கையில் அம்மா பிடித்து எழும்பும் இடத்தில் தோல் உரிந்திருக்கவேண்டும், அதுவும் இல்லை. என் கார் இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. அந்தப் பிஸ்கட் தட்டிலிருந்து எழுத்து வாங்கிய ஒரே ஆள் நான்தான் என்று இருபத்தேழு வருடமாக நினைத்திருந்தேன்.

"கள்ளன் எண்டு சொல்லாதை" என்றேன். "காசு குறைஞ்சிருக்கும்."

சி.ஆர்-இசட்டில் எதை எடுப்பது என்று திரும்ப அட்டவணையை விரித்தான். இசட்.எஃப்1 பீற்றா விலை வசதி, ஆனால் பற்றரி கிழடு. இசட்.எஃப்2 ஆல்பா நல்ல கிரேட், ஆனால் வங்கிக் கடன் கழுத்துவரை வரும். "நீங்கள் சொல்லுங்கோ மாமா, அனுபவஸ்தர்."

"பின்னுக்கு ஆர் ஏறப்போறது?"

"ஆர் ஏறுறது? ஒருத்தரும் இல்லை." அந்தப் பின் இருக்கையைப் பார்த்தேன். ஒரு தேங்காய் மூட்டையை வைத்தால் அது முணுமுணுக்கும். "பையும் லப்டொப்பும்தான் மாமா. நான் தனி ஆள்."

நானா இப்போது இல்லை. இருந்திருந்தால் அடுத்த கேள்வியை அவர் கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை, அவனுடைய முகத்தைப் பார்த்தால் கரீனா காட்டுகிற மனம் யாருக்கும் வராது.

இரண்டு கிழமைக்குப் பிறகு காரை எடுக்கக் கூட்டிக்கொண்டு போனான். இசட்.எஃப்2, ஆல்பா, வெள்ளை. ஓட்டிப் பார்ப்போம் என்று கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏற்றினான். பேலியகொடையிலிருந்து விமான நிலையப் பக்கம் 25.8 கிலோமீற்றர், குழியில்லை, மண்டையோடில்லை, தடையில்லை. 100இல் போய், ஜா-எலயில் இறங்கி, திரும்பி வந்தோம். எனக்கு அந்த இருபது நிமிடத்தில் ஒரு கச்சான் சுருள் மட்டும் தேவைப்பட்டது. புதிய களனிப் பாலத்தின் கம்பிகளுக்கு இடையில் வெயில் விழுந்துகொண்டிருந்தபோது அவனுடைய கைபேசி அடித்தது. என் தங்கச்சி, அவனுடைய தாய்.

"தம்பி, கார் எடுத்தாச்சோ? நான் கொட்டாஞ்சேனை அம்மன் கோயிலடியிலை நிக்கிறன். அருச்சனை செய்து தேசிக்காயும் வாங்கி வைச்சிருக்கிறன். சில்லுக்கு வைச்சு ஏத்தவேணும். அப்பிடியே என்னையும் வெள்ளவத்தைக்கு ஏத்திக்கொண்டு போ. மாமாவும் உன்னோடைதானே?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன்.

கோயிலடியில் அவ தேங்காய், பூத்தட்டு, ஒரு பெரிய மரக்கறிப் பை எல்லாவற்றோடும் நின்றா. போன வருடம்தான் முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவ. தேசிக்காய் நசிந்து, கற்பூரம் அணைந்து, நெற்றியில் திருநீறு பூசியான பிறகு, காரைச் சுற்றி வந்து பின்னால் நின்றா.

"சி.ஆர்?" என்று வாசித்தா. "பின்னுக்குக் கதவு எங்கை?"

நான் இறங்கி முன் இருக்கையை மடக்கினேன். குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, மற்றக் காலை இழுத்து, மரக்கறிப் பைக்குப் பக்கத்தில் விழுந்தேன்.